ஓட்டு இல்லாதவளுக்குக் கிடைத்த பதினோரு நாள்

1

மடக்கு மேசையின் காலை விரிக்கும்போது ஒரு சத்தம் வரும். 'டக்' என்று ஒன்று. கொஞ்சம் தயங்கி, கொண்டி விழும்போது இன்னொரு 'டக்'. போன சனிக்கிழமை எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் அப்படி முப்பது மேசைகளை வரிசையாக விரித்தார்கள், காபிக்கும் கேக்குக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் மேசைச் சத்தம். எனக்கு அப்படியில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமையில், மளிகை அங்காடி வாசலில் அந்தச் சத்தத்துக்காக முக்கால் மணி நேரம் நின்றவள் நான்.

எங்கள் எம்.பி. ஓய்வு பெறுகிறார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் முப்பத்து நாலு வருஷம் இந்தத் தொகுதிக்காக உட்கார்ந்திருந்தவர். இங்கே யாரும் எம்.பி. என்று சொல்வதில்லை. ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட. எனக்கு அது வாயில் வராது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர்க்காரியின் நாக்கு எழுபது தாண்டிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மறுத்துவிடும். அதனால் வீட்டில் எங்களுக்கு அவர் எம்.பி.தான். உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன்.

விருப்பப்பட்டவர்கள் ஒலிவாங்கி முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம் என்றார்கள். வரிசை சுவரோரமாக வளைந்து கதவு வரைக்கும் போனது. ஒருவருக்கு ஓய்வூதியம் வாங்கித் தந்திருக்கிறார். இன்னொருவருக்கு, போரில் காணாமல் போன சித்தப்பாவின் பதக்கத்தைத் தேடிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண் அழுதுவிட்டு உட்கார்ந்தாள். என் முறை வந்தது. நாலு நாளாக எழுதித் திருத்திய காகிதம் கையில் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை. "அந்தப் பதினோரு நாளுக்கு நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. கூட்டத்தில் யாருக்கும் எந்தப் பதினோரு நாள் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது, எழுந்து நின்றுவிட்டார்.

காரில் திரும்பும்போது மகள் கேட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்பாள், ஆங்கிலத்தில் முடிப்பாள். அவ்வளவுதானா உன் பேச்சு, கவிதை எல்லாம் எழுதுகிறாயே என்றாள். அவ்வளவுதான் என்றேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2

முதலில் அவரைப் பற்றி. உள்ளூர்ப் பத்திரிகை அவருக்காக ஒரு சிறப்பிதழ் போட்டிருந்தது. அதிலிருந்தும், வரிசையில் நின்றவர்கள் சொன்னதிலிருந்தும் நான் சேர்த்துக்கொண்டது இது.

அவருடைய அப்பா வீடு வீடாகப் பால் போட்டவர். மகன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். பகலில் ஸ்டியரிங், மாலையில் கல்லூரி. அவர் ஓட்டிய தடத்தில் ஒரு சின்னப் பாலம் பழுதாகிப் போக, பிள்ளைகளை ஆற்றைச் சுற்றி அரை மணி நேரம் கூடுதலாக அழைத்துப் போக வேண்டியிருந்தது. அதிகாலை இருட்டில், குளிரில், தூங்கி வழிகிற பிள்ளைகள். யார் யாரிடமோ போய்ச் சொன்னார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்கிற இடத்தில் நாமே போய் உட்காருவோம் என்று பள்ளிக் குழுத் தேர்தலில் நின்றார். பாலம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒரு ஊர் இருந்தது, அங்கேயும் ஒரு குறை இருந்தது. அப்படியே மாநிலச் சட்டசபை, அப்படியே வாஷிங்டன்.

அங்கே இந்தப் பதவிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். பதினேழு தடவை ஜனங்கள் முன்னால் போய் நின்று, மறுபடியும் என்னை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. நாடு முழுக்கத் தெரியும் தொலைக்காட்சியில் அவர் இரண்டே முறை வந்தாராம்; அதில் ஒருமுறை பெயரைத் தப்பாகப் போட்டார்களாம். சாலை, பாலம், தண்ணீர் என்று யாருக்கும் கொட்டாவி வரவைக்கிற கமிட்டிகளில் இருந்தார். இந்த ஊரின் பழைய ஈயக் குடிநீர்க் குழாய்களைத் தோண்டியெடுத்துப் புதிதாகப் போட வைத்ததுதான் அவர் செய்ததில் பெரியது என்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கிற வேலை. மாலை போட்டுத் திறந்து வைக்க அதில் ஒன்றுமில்லை.

தப்பும் செய்தார். ஒரு போருக்குச் சம்மதித்து வாக்களித்தார். சில வருஷம் கழித்து ஊர்க் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, என் மகன் அங்கே போய்ச் செத்தான், நீங்கள் இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாளாம். அவர் சுற்றி வளைக்கவில்லை. நான் செய்தது தப்பு, திருப்பி வாங்க முடியாத தப்பு என்றார். அடுத்த தேர்தலில் மயிரிழையில் தப்பித்தார். இரண்டு பக்கத்தாருக்கும் கோபம்: ஒரு பக்கம் வாக்களித்ததற்கு, இன்னொரு பக்கம் வருத்தப்பட்டதற்கு.

வாரம் தவறாமல் வியாழக்கிழமை விமானத்தில் ஊருக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை காலை மளிகை அங்காடி வாசலில், அடுக்கிவைத்த விறகுக்கட்டுக்கும் பனிக்குத் தூவுகிற உப்பு மூட்டைக்கும் நடுவே ஒரு மடக்கு மேசையும் இரண்டு நாற்காலியும். ஒன்றில் அவர். இன்னொன்றில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

நம் திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸின் திங்கட்கிழமை மனு நாளைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் கண்ணுக்கு அந்த இரண்டாவது நாற்காலிதான் விநோதமாகப் பட்டது. மனு கொடுக்க வருகிறவருக்கு நாற்காலியா?

3

மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா கீழ்பென்னாத்தூரில் நாலு ஏக்கரில் நெல்லும் மணிலாக் கடலையும் போட்டவர். படிப்பு எட்டாவது. ஆனால் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவர்தான் கூடப் போவார். விதவைப் பணம், வண்டிப்பாதை, பட்டாவில் பெயர் மாற்றம். திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கிளம்புவதற்கு முன்னால் காகிதத்தைச் சாமி படத்தடியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வைப்பார். போகிற காகிதம் வெறுமனே போகக் கூடாது, மங்களமாகப் போக வேண்டும். அது அவருக்குக் கையெழுத்தைவிட முக்கியம்.

காகிதத்தை வாங்குகிற பக்கத்திலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு விருந்தினர் விடுதியில் மூன்று வருஷம் வரவேற்பு மேசை வேலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பாஸ்போர்ட்டை வாங்கி, விசா எண்ணைப் பார்த்து, ஃபாரத்தில் ஏற்ற வேண்டும். மலையை விட்டுப் போக மனசில்லாமல், இன்னும் பத்து நாள் இருக்க வழி உண்டா என்று எத்தனையோ பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். என் கையில் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அமெரிக்கா வந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கிற கிரீன் கார்டுக்கான எங்கள் விண்ணப்பம் உள்ளே போனது. அது முடிகிற வரை பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. அதற்கு முன்பே ஒருமுறை, விசா சிக்கலில் மாட்டியிருந்தபோது அம்மா போய்விட்டாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போனதை நான் கைப்பேசியில் பார்த்தேன். பாதி வழியில் படம் நின்றுவிட்டது. இன்னொருமுறை அப்படி ஆகக் கூடாது என்றுதான் பயண அனுமதிக்கும் தனியாக எழுதிப் போட்டேன்.

எழுதிப் போடுவதற்கு முன்னால் என்ன செய்தேன் தெரியுமா? முதல் பக்கத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்தேன்.

ஈரம் காய்வதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மஞ்சள் ஊறி, குத்தியிருந்த புகைப்படங்களில் இறங்கிவிட்டது. இரண்டரை மாதம் கழித்துக் காகிதம் திரும்பி வந்தது: புகைப்படம் கறைபட்டுள்ளது, ஏற்க இயலாது. படத்தில் என் நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் மஞ்சள். கல்யாணப் பெண்ணைப் போல இருந்தேன். கணவர் அதைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "உங்கப்பா பொண்ணுதான் நீ" என்றார். மறுபடியும் அனுப்பினோம். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.

அந்த வரிசையில் நிற்கும்போதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது, வாரக்கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வர முடியுமா என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

4

சனிக்கிழமைக் காலை. மேசை வருவதற்கு முன்பே போய் நின்றேன். கோட்டுப் பையில் ஒரு எலுமிச்சம்பழம். பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பது உடம்பில் ஊறியது. இந்த ஊரில் சால்வைக்கு எங்கே போவது? அங்காடிக்குள் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினேன். காசாளர் பெண், இது மட்டும்தானா என்று இரண்டு முறை கேட்டாள்.

மேசை விரிந்தது. அவரோடு டோனா என்ற பெண்மணி, அவருடைய தொகுதி அலுவலகத்தில் இந்த மாதிரி மனுக்களைப் பார்க்கிறவர், கையில் குறிப்பேட்டோடு நின்றார். நான் உட்காரவில்லை. இரண்டு கையாலும் பழத்தை நீட்டி, "சார், மை ஃபாதர் இஸ் சீரியஸ்" என்றேன். நம் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டோனா அன்பாகச் சிரித்து, என் அப்பாவும் அப்படித்தான், ஜோக்கே பிடிக்காது என்றார். அவர்கள் பேச்சில் சீரியஸ் என்றால் சிரிக்காத மனிதர்; நான் முழித்தேன். பிறகு, சாகப்போகிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வார்த்தையை அதுவரைக்கும் எந்த மொழியிலும் நான் சொல்லியிருக்கவில்லை. டோனாவின் முகம் மாறியது. என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

எம்.பி. பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் மரியாதைக்குக் கொடுப்பது என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை புடைத்துக்கொண்டு நின்றது. விண்ணப்ப எண்ணைக் கேட்பார் என்று காகிதங்களைப் பிரித்தேன்.

அவர் கேட்டது வேறு. "இப்போது உங்கள் அப்பா பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?"

அண்ணன் இருக்கிறான் என்றேன். அண்ணன் பெயரைக் கேட்டார். எந்த ஊர் என்றார். திருவண்ணாமலை என்றதும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் வரவில்லை, மன்னியுங்கள் என்றார். அதற்குப் பிறகுதான் எண்.

மஞ்சள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மறைத்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயம். டோனா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எம்.பி. மட்டும், என் அம்மா தேர்தல் நாளன்று என் காலணிக்குள் ராசிக்கு ஒரு செப்புக்காசு போட்டு அனுப்புவாள், நாள் முழுக்க நொண்டுவேன் என்றார்.

அண்ணன் டாக்டரிடம் எழுதி வாங்கிய கடிதம், வட்ட முத்திரையோடு, அன்றிரவே கைப்பேசிக்கு வந்தது. திங்கட்கிழமை காலை டோனா குடியேற்ற அலுவலகத்தோடு பேசினார். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அவசரப் பயண அனுமதியைக் கையில் வாங்கினேன். பதினைந்து நாளுக்குள் திரும்பி வந்து சேர வேண்டும். போக இரண்டு, வர இரண்டு. மீதி பதினோரு நாள்.

5

நான் போய் இறங்கிய அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாத கால்களுக்கு நடுவே, நான் மட்டும் எதிர்த்திசையில் நடந்தேன். அண்ணன் பைக்கோடு சந்து சந்தாகத் தேடி வந்து கூட்டிப் போனான். அவன் வீடு வேங்கிக்காலில், புதிதாக வந்த மனைப் பிரிவில். கலெக்டர் ஆபீஸுக்கு நடந்து போகிற தூரம்.

அப்பா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். பாதியாகிவிட்டிருந்தார். "வந்துட்டியா" என்றார், நேற்றுச் சந்தைக்குப் போனவளைக் கேட்கிற மாதிரி. அப்புறம், "பாத்தியா, ஆபீஸ் பக்கத்துலயே ஊடு அமஞ்சிடுச்சி. இப்ப கால்தான் வரமாட்டேங்குது" என்று சிரிக்கப் போய் இருமினார்.

பதினோரு நாளும் என்ன செய்தோம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கஞ்சி ஊட்டினேன், நகம் வெட்டிவிட்டேன். மணிலா விலை கம்மியாகிப் போனதைப் பற்றி வருகிறவர்களிடம் அவர் குறைபட்டுக்கொண்டார். அம்மா போனபோது எத்தனை பேர் வந்தார்கள், யார் தோள் கொடுத்தார்கள் என்று, படம் நின்றுபோன இடத்திலிருந்து எனக்குச் சொன்னார். அதை வேறு யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

நாலாவது நாள் எம்.பி.யைப் பற்றிக் கேட்டார். நான் மேசை, எலுமிச்சம்பழம், செப்புக்காசு எல்லாம் சொன்னேன். மஞ்சள் ஊறிய படத்தைப் பற்றிச் சொன்னதும் வெட்கப்பட்டார். "காயவிட்டுப் போடணும்மா. அதுகூட தெரியாதா ஒனக்கு" என்றார். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு எத்தினி ஓட்டு போட்ட?"

"எனக்கு அங்க ஓட்டு இல்லப்பா."

"ஊட்டுக்காரருக்கு?"

"அவருக்கும் இல்ல. இன்னும் ரொம்ப வருஷம் ஆவும்."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "ஓட்டு இல்லாதவளுக்கா செஞ்சான்? இன்னாடா ஆளு அவன்."

அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இந்தக் கதைதான். அந்த மளிகைக்கடை வாசலை அவர் பாதி கலெக்டர் ஆபீஸாகவே ஆக்கிவிட்டார்.

இதை மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். அது அவரோட வேலைம்மா. தொகுதியில் இருக்கிற எல்லாருக்கும் செய்ய வேண்டியது, ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீ எதுக்கு அவரை சாமி மாதிரி பேசற? போருக்கு வாக்களித்ததையும் அவள் விடமாட்டாள். அந்தத் தாய் கேட்டது சரி, இவர் சொன்ன பதிலால் பையன் திரும்பி வந்தானா என்பாள். அவள் சொல்வது சரிதான். உரிமை என்று தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு நன்றி கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எனக்கோ, வேலையை வேலையாகச் செய்கிற ஒருவரைப் பார்த்ததே பெரிய விஷயமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போகிறோம். அவள் என்னை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று முன்பெல்லாம் பயப்படுவேன். இப்போது அவ்வளவு பயம் இல்லை. மனு எழுதாமலே கேட்கத் தெரிந்த இடத்துக்குத்தான் போகிறாள்.

போன வருஷக் கடைசியில் எனக்குக் குடியுரிமை வந்தது. இனி வருகிற தேர்தல்தான் என் முதல் தேர்தல். அந்தச் சீட்டில் அவர் பெயர் இருக்காது. பதினேழு தேர்தலில் ஒன்றில்கூட நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.

6

நான் திரும்பி வந்த பதினாறாம் நாள் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் போன் செய்தபோது நான் அழுதேன். ஆனால் அம்மாவுக்கு அழுத அழுகை இல்லை அது. அதில் பாதி தவிப்பு. இதில் தவிப்பு இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் பள்ளிக்கூடக் கூடத்தில் ஒலிவாங்கி முன்னால் என்னால் சொல்ல முடியாமல் போனது.

அந்தப் பதினோரு நாளின் கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கார் வந்துவிட்டது. சென்னைக்கு நாலரை மணி நேரம். அண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு வாசலில் நின்றான். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பதினைந்து நாளைத் தாண்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமும் போய்விடும், பத்து வயதுப் பிள்ளை அங்கே இருக்கிறது. ஆனால் டோனாவின் எண் கைப்பேசியில் இருந்தது. கேட்டால் முடியாது என்று உடனே சொல்லமாட்டார்கள் என்று மனசு சொன்னது. இன்னும் பத்து நாள். செங்கம் ரோட்டில் என்னிடம் கெஞ்சியவர்கள் கேட்டதும் அதே பத்து நாள்தான்.

"அப்பா, அவர்கிட்டயே இன்னொரு தபா கேக்கட்டுமா? நான் கேட்டா செய்வாரு. இன்னும் பத்து நாள் உன்கூட இருந்துட்டுப் போறேன்."

பேசுவதற்கு அப்பா மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர்தான் அதை மெல்ல விடுவித்து, என் முழங்கையைத் தொட்டு, எழுந்திரு என்பதுபோல மேலே தள்ளினார். ஒரு காசு எடைகூட இல்லாத தள்ளல். நான் எழுந்தேன்.

"வேணாம்மா. எனக்கோசரம் அந்த ஆள மறுபடியும் கேக்காத. வரிசையில ஒனக்குப் பின்னாடி யாராவது நிப்பாங்க. நகரு."

"சரிப்பா" என்றேன்.